வீடா, சானடோரியமா: காசநோய் ஆய்வில் ஒப்பீட்டின் கணக்கு

1. கேள்வி

மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் என்று வீட்டுமனைகளால் நெருங்கிவிட்ட தாம்பரத்துச் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் நகரத்து நெரிசலிலிருந்து தப்பி நல்ல காற்று வாங்கும் இடமாக இருந்தது. அந்தக் காற்றை நம்பித்தான் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928இல் இங்கே காசநோய்ச் சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அது சென்னை மாகாண அரசின் கைக்கு மாறியது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. சவுரிமுத்து இதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917இல் அங்கே சில காலம் நோயாளியாக இருந்தவர் சீனிவாச ராமானுஜன். காசநோய் என்ற கணிப்போடு சிகிச்சை பெற்ற ராமானுஜன் 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று 1994இல் ஆய்வாளர் டி.ஏ.பி. யங் வாதிட்டார். யங் சொன்னது சரியா என்பது இங்கே நம் கவலை இல்லை. அன்றைய மருத்துவம் தன் முடிவுகளை எதன் பேரில் எடுத்தது என்பதை மட்டும் இந்தச் செய்தி காட்டுகிறது. நோய் இன்னதென்று சொன்னதும், ஓய்வும் காற்றும் சத்துணவும் அதைக் குணப்படுத்தும் என்று சொன்னதும் பெரிய மருத்துவர்களின் அனுபவ வாக்குகள். சானடோரியத்தில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் நேர்மையாகப் பக்கத்தில் வைத்து யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி வாசிக்கிறது. யார் இறக்கக்கூடும் என்பதைச் செயலி கணக்கிடுகிறது. தொற்று எப்படிப் பரவும் என்பதைக் கணித மாதிரிகள் வரைகின்றன. கணிதமும் கணினியியலும் மருத்துவத்துக்குள் வந்த கதை வழக்கமாக ஏறுமுகக் கதையாகவே சொல்லப்படுகிறது: கணக்கு எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவு நல்ல மருத்துவம். இக்கட்டுரை அந்தக் கதையைச் சோதிக்கிறது. சென்னையையும் அதன் தென்புறத்தையும் சுற்றி எழுபதாண்டுகளாக நடந்துவரும் காசநோய் ஆய்வுகளை வரிசையாக வாசித்தால், மருத்துவத்தைத் திருப்பிப்போட்டது நியாயமான ஒப்பீடுதான், கணக்கின் நுட்பத்துக்கு அதில் பங்கு குறைவு என்பது என் வாதம். அந்த ஒப்பீடு கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது என்பதை மறந்த இடங்களில் நல்ல ஆய்வே தவறான கொள்கைக்கும் இட்டுச் சென்றிருக்கிறது.

2. சேத்துப்பட்டில் 193 பேர்

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1948இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலிருந்து தொடங்க வேண்டும். 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தப் பிரிவு என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து, முத்திரையிட்ட உறைகளில் வைத்தார். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். இதில் இருக்கும் கணிதம் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். உறைதான் புதிது. தேறுவார் என்று தோன்றும் நோயாளியைத் தனக்குப் பிடித்த சிகிச்சையின் பக்கம் தள்ளும் மருத்துவரின் கையை, அவர் அறியாமலே தள்ளும் கையை, அது கட்டிப்போட்டது.

அந்த முறை 1956இல் சென்னைக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. மையத்தின் முதல் கேள்வி நாட்டுக்கு மிக அவசரமானது. நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகள் அதில் ஒரு சிறு பங்குக்கும் போதாது. ஐசோனியசிட், பாஸ் என்ற இரு மருந்துகளும் கையில் இருக்கும்போது நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியாதா? பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸின் வழிகாட்டலில், நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக ஒதுக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வீடு, மறுபிரிவுக்குச் சானடோரியம். மருந்து இருவருக்கும் ஒன்றே, காலம் ஓராண்டு. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்தது. சளியில் கிருமி அடங்கிய நிலையை எட்டியவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், வீட்டிலேயே நோயாளியை வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் தெரிந்தது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிந்துபோனதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்துவது வழக்கம். எண்களைச் சற்று அழுத்திப் பார்க்கலாம். பிரிவுக்கு நூறு பேருக்கும் குறைவு. இந்த அளவில் 86க்கும் 92க்கும் உள்ள இடைவெளியைத் தோராயமாகக் கணக்கிட்டால், உண்மை வேறுபாடு சானடோரியத்துக்குச் சாதகமாக 15 புள்ளி வரையிலும் வீட்டுக்குச் சாதகமாக 3 புள்ளி வரையிலும் எங்கும் இருந்திருக்கலாம். ஆக, இரண்டும் சமம் என்பதை இந்த ஆய்வு நிறுவவில்லை. வேறுபாடு இருந்தாலும், பல லட்சம் பேருக்குச் சிகிச்சையே இல்லாத நாட்டில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதைத்தான் நிறுவியது. இது புள்ளியியல் தீர்ப்பும் பொருளாதாரத் தீர்ப்பும் கலந்தது. அப்படிக் கலந்ததில் தவறில்லை. ஆனால் கலந்திருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அந்த ‘வீடு’ சாதாரண வீடல்ல. வீட்டுப் பிரிவு நோயாளிகள் தவறாமல் மையத்துக்கு வரவழைக்கப்பட்டனர். மையத்தின் ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். முன்னறிவிப்பில்லாமல் மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சை என்ற முடிவை எடுத்துக்கொண்டது. அந்த ஊழியர்களை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளப் பணமும் இல்லை. நோயாளிகள் பாதியில் மருந்தை விடுவது அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் திட்டத்தின் தீராத நோயாக இருந்தது. வாரம் இருமுறை, ஊழியரின் கண்முன்னே மருந்து விழுங்கும் முறையை அதே சென்னை மையம் 1960களிலேயே சோதித்து நிறுவியிருந்தும், நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை நாட்டுத் திட்டமாக வர 1990கள் ஆயின.

3. உணவு: கேட்காத கேள்விக்கு எடுத்துக்கொண்ட பதில்

இந்த ஆய்வின் மிக நீண்ட நிழல் வேறொரு இடத்தில் விழுந்தது. வீட்டுப் பிரிவினர் சானடோரியப் பிரிவினரைவிட மோசமாகச் சாப்பிட்டனர், அதிகமாக உடலுழைத்தனர். சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை தெளிவாகக் கூடுதலாக ஏறியது. ஆனாலும் கிருமி அடங்குவதில் பெரிய வித்தியாசமில்லை. உணவுப் பதிவுகளைத் தனியே ஆராய்ந்து 1961இல் வந்த கட்டுரை, மருந்து சரியாக இருந்தால் குணமாவதில் உணவுக்கு முக்கியப் பங்கில்லை என்ற முடிவுக்கு வந்தது. அதுவரை சத்துணவைக் காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பாகக் கருதிய மருத்துவ உலகம் அதைக் கைகழுவிவிட்டது. காசநோய்த் திட்டங்களின் வரவுசெலவில் உணவு என்ற தலைப்பே பல பத்தாண்டுகள் இல்லை.

அந்த முடிவு எதைப் பற்றியது? ஓராண்டு முடிவில் சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது. உணவு குறைந்தவர் சீக்கிரம் இறப்பாரா? நோயாளியோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் குறைவாகச் சாப்பிடும் தம்பிக்கோ மனைவிக்கோ நோய் வருமா? இவை அங்கே கேட்கப்படவில்லை. மேலும், உணவு சமவாய்ப்பு முறையில் பங்கிடப்பட்டதல்ல. இடம்தான் பங்கிடப்பட்டது, உணவு அதனோடு ஒட்டி வந்தது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு அறுபதாண்டு கழித்து வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னைத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2019 ஆகஸ்ட் முதல் 2022 ஆகஸ்ட் வரை நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023இல் லான்செட் இதழ்களில் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள். வீட்டாரில் ஒரு பிரிவுக்கு மட்டும் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும். உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரலைத் தாக்கும், கிருமி உறுதியான வகை 48 விழுக்காடு குறைந்தது. ஒரு தடுப்பூசி இதைச் சாதித்திருந்தால் நாளிதழ்களின் முதல் பக்கம் அதற்குத்தான்.

செய்திகளில் இதோடு சேர்ந்தே வந்த மற்றொரு எண், முதல் இரு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறிய நோயாளிகளிடம் இறக்கும் ஆபத்து 61 விழுக்காடு குறைவு என்பது. இவ்விரண்டு எண்களும் ஒரே ஜாதியல்ல. வீட்டாரைப் பற்றிய 39, சமவாய்ப்பு முறை ஒப்பீட்டில் பிறந்தது. நோயாளிகளைப் பற்றிய 61, எடை ஏறியவர்களையும் ஏறாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்தது; நோயாளிகள் எல்லோருக்கும் உணவு தரப்பட்டதால் உணவு இல்லாத பிரிவே அங்கில்லை. உணவால் எடை ஏறி உயிர் தப்பினார்களா, உயிர் தப்பும் நிலையில் இருந்தவர்களுக்கு எடை ஏறியதா என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. எலும்பும் தோலுமாக வரும் நோயாளிக்கு உணவை மறுத்து ஒப்பிடுவது அறமல்ல என்பதால் ஆய்வாளர்கள் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அறம் விதித்த எல்லை, தெரிந்துகொள்ளக் கூடியதன் எல்லையும்கூட. 61ஐ மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் 1961ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிழையை எதிர்த்திசையில் செய்கிறார்கள்.

4. ஓரிடத்து எண் மற்றோரிடத்தில்

நியாயமான ஒப்பீடும் ஊர் மாறினால் பதில் மாறலாம் என்பதற்கு உலகிலேயே பெரிய சான்றுகளில் ஒன்று நம் வாசலில் நடந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி பிரிட்டனின் இளைஞர்களிடம் ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியிருந்தது. அந்த நம்பிக்கையோடு 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய பகுதியில், பெரிய களஆய்வு தொடங்கியது. சுமார் 2,80,000 பேருக்குச் சமவாய்ப்பு முறையில் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது. ஏழரை ஆண்டிலும் சரி, பதினைந்து ஆண்டிலும் சரி, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பயன் தென்படவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் நம்மவர் உடலை முன்பே பழக்கிவிட்டிருந்தன என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். பூமத்திய ரேகையிலிருந்து விலகும் அளவுக்குப் பாதுகாப்பு கூடுவதாகப் பிற ஆய்வுகளும் காட்டுகின்றன. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் அந்த ஊசி போடுவது இன்றும் தொடர்கிறது.

இந்தப் படிப்பினையை ரேஷன்ஸ் ஆய்வுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். அரிசி அட்டைதாரர் எல்லோருக்கும் 2011 முதல் விலையில்லா அரிசி தரும் தமிழ்நாட்டில் வீட்டாருக்கு இன்னும் 5 கிலோ அரிசி கொடுத்தால் ஜார்க்கண்டின் 39 விழுக்காடு அப்படியே கிடைக்குமா? குறையும் என்றே நினைக்கிறேன். இங்கே பற்றாக்குறை அரிசியில் இல்லை, புரதத்தில் இருக்கிறது. இது ஊகம், இங்கே ஒரு ஒப்பீடு நடத்தினால்தான் தெரியும்.

5. எக்ஸ்ரே வாசிக்கும் கணினி

இனி இன்றைய நுட்பத்துக்கு வருவோம். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி வாசித்துக் காசநோய்க்கான வாய்ப்பை ஒரு மதிப்பெண்ணாகச் சொல்லும் மென்பொருள்களை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நோய் தேடும் பணிக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் 347 மாவட்டங்களில் இந்திய அரசு தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே கருவிகள் தெருவுக்கே வந்தன. மென்பொருள்களின் திறனைப் பற்றிய கட்டுரைகள் குவிகின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்கின்றன: படத்தைப் பார்த்துக் கணினி சொன்னதும் பரிசோதனைக்கூடம் சொன்னதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன?

முதல்கட்ட வடிகட்டும் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல், நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரையாவது விட்டுவிட வேண்டும் என்பது. இதை எட்டிய ஒரு மென்பொருளைத் தாம்பரம் மாநகராட்சியில் ஒரு லட்சம் பெரியவர்களிடம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 2019-21இன் தேசியக் கணக்கெடுப்பு காட்டிய அளவை ஒட்டி அவர்களில் 300 பேருக்கு நோய் இருக்கட்டும். கணினி 270 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 99,700 பேரில் 29,910 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ‘இருக்கலாம்’ என்று கணினி சொன்ன 112 பேரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும். அதே மென்பொருளை, நூற்றில் 3 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்ளும் நோயாளி வீட்டார் ஒரு லட்சம் பேரிடம் ஓட்டினால், கணினி பிடித்தவர்களில் 12 பேருக்கு ஒருவர் நோயாளி. மென்பொருளில் ஒரு வரி மாறவில்லை. யாரிடம் கொண்டுபோனோம் என்பதுதான் மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பேயஸ் தேற்றத்துக்கு மேல் இதில் கணிதம் எதுவுமில்லை.

பிடிபட்டவர்களுக்கு அடுத்து உறுதிப் பரிசோதனை உண்டு, யாரும் உடனே மருந்து விழுங்கப் போவதில்லை, ஆகவே தவறான எச்சரிக்கையால் பெரிய கேடில்லை என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் முப்பதாயிரம் பேரின் சளியைச் சோதிக்கும் கருவிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவை வேறெங்கே செலவழித்திருக்கலாம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை, துல்லியக் கட்டுரைகளில் கிடைக்காது. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. பகுதிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பிரிவில் மூன்றாண்டு ஆண்டுதோறும் பெரியவர்கள் எல்லோரின் சளியையும் சோதித்தார்கள். நான்காம் ஆண்டில் எண்ணிப் பார்த்தபோது லட்சத்துக்கு 126 நோயாளிகள். சோதனை நடக்காத பகுதிகளில் 226. செயற்கை நுண்ணறிவு அதில் எங்குமில்லை. ஆனால் ஊரில் நோய் குறைந்ததா என்ற கேள்விக்கு நேரடி விடை இருக்கிறது. இந்தியாவில் எக்ஸ்ரே மென்பொருளுக்கு இப்படியொரு சோதனை வேண்டும் என்று கேட்பது நுட்பத்துக்கு எதிரான பேச்சாகாது.

6. ஐந்து அளவைகளும் ஒரு செயலியும்

தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 ஏப்ரலில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வடிவமைத்த இதன் கணக்கு மிக எளிது. காசநோய் மரணங்களில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. அப்படி இறக்கக்கூடிய நோயாளிகளை முதல் நாளே அடையாளம் கண்டு படுக்கையில் சேர்த்தால் காப்பாற்றலாம். மாடம்பாக்கத்துப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் செய்ய வேண்டியது இவ்வளவே: உயரமும் எடையும் பார்த்து பி.எம்.ஐ. கணக்கிட வேண்டும், கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று இரு காலிலும் பார்க்க வேண்டும், கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும், விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்க வேண்டும், துணையில்லாமல் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழ், அதாவது ஐந்தடி மூன்றங்குல ஆள் 36 கிலோவைத் தொடவில்லை என்றால், மேல்மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். பி.எம்.ஐ. 16க்குள் இருந்து காலிலும் வீக்கம் கண்டாலும், பி.எம்.ஐ. எதுவானாலும் மூச்சு 24க்கு மேல், ஆக்ஸிஜன் 94க்குக் கீழ், நிற்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அப்படியே. வீட்டிலேயே சிகிச்சை என்று 1959இல் வந்த முடிவுக்கு இது மறுப்பாகாது, அதன் திருத்தம். பெரும்பாலானோருக்கு வீடு போதும். போதாத சிலரை எண்ணித் தேடி எடுக்க வேண்டும்.

இதன் மேல் 2025இல் ஒரு முன்கணிப்பு மாதிரி சேர்ந்தது. 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு கட்டப்பட்ட அது, செயலியில் எண்களைப் பதிந்ததும் இறக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. கடுமையான நோயுள்ளவர்களுக்கு 10 முதல் 50 விழுக்காடு, மற்றவர்களுக்கு 1 முதல் 4 விழுக்காடு. முன்கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததால் செவிலியரோ மருத்துவரோ முன்பு செய்யாத எதையாவது செய்கிறார்களா, அதனால் யாராவது பிழைக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. ‘நிற்க முடியவில்லை’ என்ற தகவலே ஆளைப் படுக்கைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தால், ‘37 விழுக்காடு’ என்ற எண் எதைக் கூட்டுகிறது? ஐந்து அளவைகளைப் பற்றியும் இப்படிக் கேட்கலாம். மரணங்கள் குறைந்ததாகத் திட்டத்தினர் காட்டும் சான்று முன்பும் பின்பும் என்ற ஒப்பீடு. கொரோனா ஆண்டுகளை ஒட்டிய ‘முன்பு’ அவ்வளவு நம்பகமான அடித்தளம் அல்ல.

இதற்கு வரும் மறுப்பு வலுவானது: சாகக் கிடப்பவர்களிடம் சீட்டுக் குலுக்குவதா? ஐந்து அளவைகளைப் பொறுத்தவரை மறுப்பு செல்லும். காலம் கடந்துவிட்டது, அவற்றை யாரிடமிருந்தும் இனி நிறுத்திவைக்க முடியாது. செயலி சொல்லும் விழுக்காட்டின் நிலை வேறு. அது இல்லாவிட்டாலும் நோயாளிக்கு அதே ஐந்து அளவைகள், அதே படுக்கை, அதே மருந்து. எந்தச் சுகாதார நிலையங்களின் திரையில் அந்த எண் முதல் ஆறு மாதம் தெரிய வேண்டும், எவற்றில் அடுத்த ஆறு மாதம் என்பதைச் சமவாய்ப்பு முறையில் வரிசைப்படுத்தினால், யாருக்கும் எதையும் மறுக்காமல் ஒப்பீடு கிடைத்துவிடும். 1940களின் பிற்பகுதியில் பிரிட்டனில் எல்லோருக்கும் கொடுக்க மருந்தில்லை என்ற நிலை பிராட்ஃபோர்டு ஹில்லின் உறைகளுக்கு நியாயம் தந்தது. இங்கே, ஒரு மென்பொருளை எல்லா இடத்திலும் ஒரே நாளில் நிறுவிப் பயிற்சி தர ஆளில்லை என்ற நிலை அதே நியாயத்தைத் தருகிறது. புதிதாகத் திரட்ட வேண்டிய தரவும் அதிகமில்லை. நோய் உறுதியான தேதி, படுக்கையில் சேர்ந்த தேதி, அறுபதாம் நாளில் உயிரோடு இருக்கிறாரா என்ற பதில் ஆகிய மூன்றும் திட்டத்தின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்க வேண்டியவை.